பாஸ்கட்போல் சப்பாத்து சரியில்லையோ? எறியமுதல் ஒருக்கா இப்பிடிப் பாருங்கோ

"அண்ணை, இந்தச் சப்பாத்து சரியில்லை" எண்டு பெடியள் வந்து நிக்கேக்க நான் முதல் கேக்கிறது "என்ன செய்யுது?" எண்டுதான். பாதிப்பேருக்கு அதுக்குப் பதில் வராது. சரியில்லை, அவ்வளவுதான். வழுக்குதோ, கடிக்குதோ, கால் உள்ளுக்க ஓடுதோ, முழங்கால் நோகுதோ, ஒண்டொண்டுக்கும் காரணம் வேற, வைத்தியமும் வேற. நான் கோச் இல்லை, டொக்டரும் இல்லை. இருபது வருசமா சீமெந்துக் கோர்ட்டில பொழுதுபடுமட்டும் விளையாடி, கனக்கச் சப்பாத்து தேச்சு, அதில பாதியைப் பிழையான காரணத்துக்காக எறிஞ்ச ஆள். அந்த அனுபவத்தை வச்சு எழுதுறன்.

ஒண்டை மட்டும் முதலே சொல்லிப்போடுறன். சப்பாத்து வேண்டமுதல் நீங்கள் பாக்கிற வீடியோக்களில கனக்க மேப்பிள் மரத்தளத்தில, ஏசி அறைக்குள்ள ஓடிப் பாத்துச் சொல்லுற கதை. இஞ்ச யாழ்ப்பாணத்தில எங்கட கோர்ட் திறந்தவெளிச் சீமெந்து. அங்க பத்துக்கு ஒன்பது வாங்கின சப்பாத்து இஞ்ச நாலும் வாங்காது, அங்க "அடி சரியான கல்லு" எண்டு தள்ளிவிட்ட சப்பாத்து இஞ்ச ரெண்டு வருசம் உழைக்கும். அதால கீழ சொல்லுற எல்லாத்தையும் உங்கட கோர்ட்டில, உங்கட காலில, நீங்கள் விளையாடுற பின்னேர நேரத்திலதான் செய்து பாக்கவேணும்.

வழுக்குது

முதல் சந்தேகத்தைத் தரையில வையுங்கோ. உள்ளங்கையைத் தண்ணியில நனைச்சு ரெண்டு சப்பாத்தின்ர அடியையும் வடிவாத் துடைச்சிட்டுக் கையைப் பாருங்கோ. கை செம்மண் நிறத்தில வந்தால் விசயம் பாதி முடிஞ்சுது. இப்ப எழும்பி ஃப்ரீ த்ரோ கோட்டில இருந்து நாலு எட்டு ஓடி பட்டெண்டு நில்லுங்கோ, பிடிக்குதோ? பிடிச்சு, பிறகு ஒரு அஞ்சாறு தரம் மேலயும் கீழயும் ஓடினவுடன திருப்பி வழுக்கினால் அது தூசி, சப்பாத்தில பிழை இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம் எண்டு நக்கலடிக்கிற ஆக்கள் இருக்கினம். எங்கட பக்கம் கூடம் உண்மையாவே கோணல்தான். வைகாசியில சோளகம் எழும்பினால் புரட்டாதி மட்டும் ஓயாது, அதுவும் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டத்துக்குக் கிட்ட கோர்ட் இருந்துது எண்டால் நீங்கள் தும்புத்தடியால கூட்டிப்போட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பிறதுக்கிடையில திருப்பி ஒரு படை மண் வந்து இருக்கும். பெரிய லீக்குகளில கோட்டடியில ஒட்டுற பாய் ஒண்டு போட்டிருப்பினம், ஆக்கள் உள்ளுக்க இறங்கமுதல் அதில காலைத் தேச்சிட்டுப் போவினம். எங்களுக்கு ஒரு ஈரச்சாக்கு காணும். தண்ணி சொட்டச்சொட்டப் போடாதேங்கோ, வடிவாப் பிழிஞ்சு போடுங்கோ, இல்லாட்டி தூசியில தண்ணி பட்டுச் சேறாகி இன்னும் வழுக்கும். சில பெடியள் அடியில சோடா ஊத்துவாங்கள், முதல் ரெண்டு நிமிசம் பல்லி மாதிரி ஒட்டும், பிறகு கோர்ட்டில கிடக்கிற மண் முழுக்க அந்தச் சீனிப் பிசினில வந்து அப்பிக்கொண்டு நிக்கும், அதைக் கழுவ ஒரு பின்னேரம் போயிடும்.

துடைச்சு, கோர்ட்டைக் கூட்டியும் வழுக்குதெண்டால் இப்ப சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கோ. பாக்கவேண்டிய இடம் நடு அடி இல்லை, குதியும் இல்லை, பெருவிரலுக்குக் கீழ வாற மேடு. நிக்கிறது, திரும்பிறது, பாயிறது எல்லாம் அதிலதான் நடக்குது, அதால முதல் தேயிறதும் அதுதான். அந்த இடத்தில மீன்முள்ளுக் கோடு அழிஞ்சு மொட்டையாப் போயிருந்தால் மிச்ச அடி புதுசு மாதிரி இருந்தாலும் கதை முடிஞ்சுது. கோடு இருக்கு, ஆனால் பிடிக்கேல்ல எண்டால் நகத்தால றப்பரை அமத்திப் பாருங்கோ. நல்ல றப்பர் கொஞ்சம் உள்வாங்கித் திரும்பி வரும். கனநாள் வெயிலும் காத்தும் பட்ட றப்பர் இறுகி நகத்தில வழுக்கும், மேற்பரப்பு பளபளக்கும். அதுக்கு ஒரு சின்னக் கைமருந்து இருக்கு, நைசான சாண்ட் பேப்பரால அந்தப் பளபளப்பை மட்டும் லேசா எடுத்து, சவுக்காரத் தண்ணியும் பழைய பல்லுப் பிறசும் போட்டுக் கழுவிப்போட்டுப் போட்டுப் பாருங்கோ. அமத்தித் தேச்சுக் கோட்டையும் சேத்து எடுத்துப்போடாதேங்கோ.

புதுச் சப்பாத்தே வழுக்குதெண்டால் றப்பரைப் பாருங்கோ. கண்ணாடி மாதிரி ஊடு தெரியிற றப்பர் தூசியைக் கூடப் பிடிக்கும், என்ர அனுபவத்தில எங்கட கோர்ட்டுக்கு அது சரிவாறேல்ல. மெல்லிசாக் கிட்டக்கிட்டக் கோடு போட்ட மெதுவான றப்பர் மரத்தளத்தில தங்கம், சீமெந்தில சில மாசத்திலேயே தேஞ்சு போயிடும், ஏனெண்டால் சீமெந்து அரம் மாதிரி அரவும். எங்களுக்கு வேண்டியது ஆழமான, அகலமான கோடும் கொஞ்சம் இறுகின றப்பரும். நைக் சில சப்பாத்தின்ர அடியில எக்ஸ்டிஆர் எண்டு போட்டிருக்கும், அது வெளிக்கோர்ட்டுக்கெண்டு செய்த கடின றப்பர். இன்னொண்டு, "ஃபர்ஸ்ட் கொப்பி" எண்டு விக்கிற போலிச் சப்பாத்துகளில சிலதின்ர அடி றப்பரே இல்லை, வெறும் ஸ்பொஞ்ச். கையில தூக்கேக்கயே பஞ்சு மாதிரி இருக்கும், நகம் வச்சால் தழும்பு அப்பிடியே நிக்கும்.

கூடைக்குக் கீழ பெயின்ற் அடிச்ச கட்டத்துக்குள்ள மட்டும் வழுக்கினால் அது பெயின்ற். மாரியில வழுக்கினால் பாசி, அதுக்குச் சப்பாத்து மருந்தில்லை, பிளீச்சிங் பவுடர் போட்டு உரஞ்சிக் காயவிட்டுத்தான் இறங்கவேணும்.

குதி கழருது, கால் உள்ளுக்க ஓடுது

இது அனேகமா வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பின சப்பாத்துக்கு வாற வருத்தம். "9 எண்டுதானே சொன்னனீ, 9 தான் அனுப்பினனான்" எண்டு கனடாவில இருந்து சித்தி கோவிப்பா. ரெண்டுபேரிலயும் பிழையில்லை. எங்கட ஊர்க்கடையில 9 எண்டால் யூகே 9. கனடாவில 9 எண்டால் யூஎஸ் 9. நைக்கில யூஎஸ் 9 எண்டது யூகே 8. அடிடாசில அதே யூஎஸ் 9 யூகே 8.5. ஒரு முழு சைசுக்கு நீளத்தில எட்டரை மில்லிமீற்றர் வித்தியாசம், அது பாஸ்கட்போலில காலை அழ வைக்கும்.

அதால நம்பரை விட்டிட்டு சென்ரிமீற்றரைப் பிடியுங்கோ. சப்பாத்தின்ர நாக்குக்கு உட்பக்க லேபிளில கனக்கச் சப்பாத்தில சென்ரிமீற்றரும் போட்டிருக்கும், நான் மேல சொன்ன ரெண்டிலயும் யூஎஸ் 9 க்கு 27 எண்டு நிக்கும். வீட்டில ஒரு கடதாசியைச் சுவரோட வச்சு, குதியைச் சுவரில முட்டவிட்டு, எழும்பி நிண்டு (இருந்துகொண்டு அளக்கிறது வேலையில்லை, பாரம் விழேக்கதான் பாதம் விரியும்), ஆக நீண்ட விரலடியில பென்சிலால கீறுங்கோ. சில பேருக்குப் பெருவிரலை விட ரெண்டாம் விரல் நீளம், அதையும் கவனியுங்கோ. ரெண்டு காலையும் அளவுங்கோ, பெரிய காலுக்குத்தான் சப்பாத்து. அளக்கிறது பின்னேரம். பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நாங்கள் விளையாடுறதும் அந்த நேரந்தானே. சித்திக்கு அனுப்பவேண்டியது அந்த சென்ரிமீற்றரைத்தான்.

ஏற்கெனவே வந்து சேந்திட்டுது, அரைச் சைஸ் பெரிசு எண்டால் தப்பலாம். கொஞ்சம் தடிச்ச மேஸ் ஒண்டு. அதோட லேஸ் கட்டுற முறை. மேல கடைசியா ரெண்டு ஓட்டை கிட்டக்கிட்ட இருக்குதோ? லேஸைக் குறுக்க கொண்டுபோகாமல் அதே பக்கத்து மேலோட்டைக்குள்ள உள்நோக்கி விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்கோ, மற்றப் பக்கமும் அப்பிடி. இப்ப வலப்பக்க லேஸை இடப்பக்க வளையத்துக்குள்ளாலயும் இடப்பக்க லேஸை வலப்பக்க வளையத்துக்குள்ளாலயும் எடுத்து, கீழ்நோக்கி ஒரு இழுவை இழுத்துக் கட்டுங்கோ. கணுக்காலை ஆரோ கையால பிடிச்ச மாதிரி இருக்கும். அதுக்குப் பிறகும் குதி எழும்பினால் அந்தச் சப்பாத்து உங்களுக்கில்லை, அந்தக் காலுக்கேத்த தம்பி ஒருத்தன் இருப்பான், குடுத்திடுங்கோ. சின்னனாப் போச்செண்டால் அதிலயும் யோசிக்க ஒண்டுமில்லை, செருப்புக்காகக் காலை வெட்டேலாது.

நீளம் சரி, குதியும் சரி, வெட்டித் திரும்பேக்க மட்டும் பாதம் உள்ளுக்க பக்கவாட்டில வழுக்குதெண்டால் உள்ளுக்க கிடக்கிற இன்சோலைத் தூக்கிப் பாருங்கோ. அது பசை விட்டு, வேர்வையில நனைஞ்சு தனிய ஓடுறதா இருக்கும்.

நகம் கறுக்குது, விரல் கொப்பளிக்குது

சுருக்கமாச் சொன்னால், ஒண்டு சப்பாத்து கட்டை, இல்லாட்டி லேஸ் தளர்வு. எழும்பி நிக்கேக்க விரல் நுனிக்கும் சப்பாத்து நுனிக்கும் இடையில ஒரு சென்ரிமீற்றர் அளவு இடம் இருக்கவேணும். இருந்தும் நகம் கறுத்தால், ஓடிப் பட்டெண்டு நிக்கிற நேரமெல்லாம் கால் முன்னுக்கு ஓடி முட்டுது எண்டு அர்த்தம், மேல சொன்ன லேஸ் முடிச்சைப் போடுங்கோ. நகத்தையும் வெட்டுங்கோ அப்பன்.

கால் மடங்குது

இதில ஊரில ஒரு நம்பிக்கை இருக்கு, கணுக்காலை மூடுற உயரச் சப்பாத்து போட்டால் சுளுக்காது எண்டு. 1993 இல அமெரிக்காவில பாஸ்கட்போல் விளையாடுற 622 கல்லூரிப் பெடியள் பெட்டையளுக்கு உயரச் சப்பாத்து, பதிஞ்ச சப்பாத்து எண்டு பிரிச்சுக் குடுத்து ஒரு சீசன் முழுக்கக் கணக்கெடுத்தவை. மொத்தமா 15 பேருக்குத்தான் கணுக்கால் பிரண்டது, சப்பாத்தின்ர உயரத்தால வித்தியாசம் ஒண்டும் தெரியேல்ல. 2001 இல அவுஸ்திரேலியாவில செய்த இன்னொரு ஆய்வில வடிவாத் தெரிஞ்ச விசயம், முந்தி ஒருக்கா கணுக்கால் சுளுக்கின ஆளுக்குத் திருப்பிச் சுளுக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அதாவது பழைய சுளுக்கை மாத்தாமல், கணுக்காலைப் பலப்படுத்தாமல் உயரச் சப்பாத்தை வேண்டிப் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. அமெரிக்க பாஸ்கட்போல் வீரர் கோபி பிறயன்ற் 2008 கடைசியிலேயே தன்ர பேரில வந்த சப்பாத்தைப் பதிஞ்ச சப்பாத்தா மாத்திச் செய்விச்சவர்.

பிறகு எதைப் பாக்கிறது? சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கமா அமத்தி மிதியுங்கோ, தள்ளிப் பாயப் போற மாதிரி. ஆரையாவது முன்னால இருந்து பாக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஃபோனில எடுங்கோ. சின்னிவிரல் பக்கம் பாதம் அடியைத் தாண்டி வெளிய தொங்குதோ? தொங்கினால் அந்தச் சப்பாத்தின்ர மேல்துணி காலைப் பிடிக்கேல்ல, இல்லாட்டி உங்கட பாதம் அதுக்கு அகலம் கூட. நல்ல பாஸ்கட்போல் சப்பாத்தில அந்தப் பக்கம் அடி கொஞ்சம் வெளியால விரிஞ்சு, பாதத்தை விட அகலமா நிக்கும், அதுதான் மடங்காமல் தாங்குறது. அடுத்தது, ரெண்டு கையாலயும் நுனியையும் குதியையும் பிடிச்சு ஈரத்துவாய் பிழியிற மாதிரி முறுக்குங்கோ. நடு அடி துவாய் மாதிரியே முறுகினால் சரிவராது. வளைச்சுப் பாத்தால் விரல் மடங்குற இடத்தில வளையவேணும், நடுப்பாதத்தில முறியக் கூடாது.

இஞ்ச கால் மடங்கிற ஆக்களில பாதிப்பேர் போட்டிருக்கிறது பாஸ்கட்போல் சப்பாத்தே இல்லை, ஓடுற சப்பாத்து. பாக்க வடிவு, மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் அது நேர ஓடுறதுக்குச் செய்தது. அடி உயரம், ஒடுக்கம், மெது, பக்கத்துக்குத் தள்ளேக்க அப்பிடியே கவிழும். இதில எனக்கு ரெண்டாம் கருத்தே இல்லை, போடாதேங்கோ. நெற்போல் பிள்ளையளுக்கும் இதேதான், இலங்கை நெற்போல் அணிக்கு விளையாடின தர்ஜினி சிவலிங்கத்தைப் பாத்து வளந்த எங்கட பிள்ளையள் கனபேர் ஓடுற சப்பாத்தோடதான் நிக்கினம்.

சுளுக்கின உடன நாலு எட்டு வைக்க ஏலாட்டி, கணுக்கால் எலும்பின்ர பின்விளிம்பை அமத்த நொந்தால், எண்ணெய் போட்டுத் தடவிக்கொண்டு இருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கோ.

முழங்கால் நோகுது, குதி நோகுது

சீமெந்து குடுக்காது. மரத்தளம் கொஞ்சம் வளைஞ்சு அடியை வாங்கும், சீமெந்து வாங்கின அடியை அப்பிடியே திருப்பித் தரும், அதால இடையில இருக்கிற ஃபோம்தான் எங்களுக்கு எல்லாம். அது செத்துப்போச்சோ எண்டு பாக்க, சப்பாத்தை மேசையில வச்சுப் பின்னால இருந்து குனிஞ்சு பாருங்கோ. ஒரு பக்கம் சாஞ்சு நிக்குதோ? ஃபோமின்ர பக்கவாட்டில கிழவற்ற முகம் மாதிரிச் சுருக்கம் விழுந்திட்டுதோ? பெருவிரலால அமத்தினால் திரும்பி எழும்பாமல் கிடக்குதோ? அப்பிடியெண்டால் அடிக்கோடு புதுசா இருந்தாலும் அந்தச் சப்பாத்து நடக்கிறதுக்கு மட்டுந்தான். ரெண்டு சோடி இருந்தால் மாத்தி மாத்திப் போடுங்கோ, ஃபோம் எழும்ப ஒரு நாள் கிடைக்கும்.

புதுச் சப்பாத்திலயும் நோகுது, ஆளுக்குப் பதின்மூண்டு பதினாலு வயசு, முழங்கால் சிரட்டைக்குக் கீழ கட்டி மாதிரி எழும்பி அதைத் தொட நோகுதெண்டால் அது சப்பாத்தின்ர பிழையா இருக்காது. வளர்ற வயசில கனக்கப் பாயிற பிள்ளையளுக்கு வாறது, ஒஸ்குட் ஷ்லாற்றர் எண்டு டொக்டர்மார் சொல்லுவினம். சப்பாத்தை மாத்தி மாத்திக் காசைக் கரைக்காமல் ஆளைக் கொஞ்சநாள் இருத்துங்கோ, டொக்டரிட்டயும் காட்டுங்கோ. விடிய எழும்பி முதல் எட்டு வைக்கேக்க குதி குத்தினால் அதுவும் டொக்டர் பாக்கவேண்டியது.

அடி கழருது, அடி உதிருது

இது ரெண்டும் வேற வேற வருத்தம், பேந்து பேந்து சொல்லுறன், வேற வேற.

என்ர கதை ஒண்டு. சித்தப்பா ரொறன்ரோவில இருந்து அனுப்பின சப்பாத்து ஒண்டு, நல்ல சாமான், பெட்டியோட அலுமாரிக்கு மேல. ஃபைனலுக்குப் போடுவம், ஃபைனலுக்குப் போடுவம் எண்டு ஆறேழு வருசம் வச்சிருந்தன். ஃபைனலும் வரேல்ல. ஒருநாள் ஆசைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினால் பத்து நிமிசத்தில காலுக்குக் கீழ ஏதோ நசியுது, குனிஞ்சு பாத்தால் நான் ஓடின வழி முழுக்க வெள்ளையாப் புட்டு உதிந்து கிடக்கு. தேங்காய்ப்பூ மட்டும் இல்லை. மேல் துணி புதுசு, லேஸ் புதுசு, அடி றப்பர் தனியக் கையில வந்துது. பெடியள் சிரிச்ச சிரிப்பு இண்டைக்கும் காதில கேக்குது.

காரணம் என்னெண்டால், அந்த நடு ஃபோம் பொலியூரத்தேன். காத்தில இருக்கிற ஈரம் அதுக்குள்ள போய் அதின்ர பிணைப்புகளை ஒவ்வொண்டா அறுக்கும், நீங்கள் போட்டாலும் சரி போடாட்டியும் சரி. எங்கட ஊர் மூண்டு பக்கமும் கடல், காத்தில ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பெட்டிக்குள்ள மூடி வச்சது காப்பாத்தாது. ஈவிஏ எண்ட மற்ற ஃபோமுக்கு இந்த உதிர்ற வருத்தம் இல்லை, அது வயசுபோக இறுகிச் சப்பையாகும், அவ்வளவுதான். அதால கனநாள் கிடந்த சப்பாத்தை எடுத்தால் கோர்ட்டுக்குப் போகமுதல் முத்தத்தில நிண்டு ஃபோமைப் பெருவிரலால அமத்துங்கோ. பிசுபிசுத்தால், வெடிப்பு விட்டால், தூள் வந்தால் போடாதேங்கோ. ஒட்டவும் ஏலாது, ஒட்டுறதுக்குப் பிடி இல்லை. நல்ல சப்பாத்து கிடைச்சால் கிடைச்ச உடன போடுங்கோ.

ஃபோம் நல்லாத்தான் இருக்கு, நுனியில மட்டும் வாய் பிளக்குதெண்டால் அது பசை விட்டது, அதைச் சரிக்கட்டலாம். சூப்பர் குளூ வேண்டாம், அது காஞ்சு கண்ணாடி மாதிரி இறுகும், வளையிற இடத்தில மூண்டாம் நாள் படார் எண்டு விடும். ரெண்டு பக்கத்துப் பழைய பசையையும் சுரண்டி, சாண்ட் பேப்பரால லேசா உரஞ்சி, தூசி துடைச்சு, நல்லாக் காயவிட்டு, சப்பாத்து தைக்கிறவை பாவிக்கிற மஞ்சள் பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசாப் பூசுங்கோ. பூசின உடன ஒட்டுறதுதான் எல்லாரும் விடுற பிழை. பத்துப் பதினைஞ்சு நிமிசம் விட்டு, விரல் வச்சால் ஒட்டிக்கொண்டு பசை கையோட வராத பதத்தில அமத்தி, நைலோன் கயிறாலயோ சைக்கிள் ரியூப்பாலயோ இறுக்கச் சுத்தி ஒரு நாள் விடுங்கோ. றப்பர் அடி பக்கத்தாலயும் சுவர் மாதிரி மேல எழும்பி நிக்குதெண்டால் சுத்தித் தைக்கவும் குடுக்கலாம், தையல் பசையை விடக் கனநாள் நிக்கும்.

பசை ஏன் விடுதெண்டால் அனேகமா நாங்கள் காயவைக்கிற விதத்தில. கழுவிப்போட்டுத் தகரக் கூரையில, உச்சிவெயிலில வைக்கிறது. பசை இளகும், றப்பர் இறுகும். உள்ளுக்கப் பழைய பேப்பரை உருட்டி அடைஞ்சு நிழலில காத்தோட்டமா வையுங்கோ, பேப்பர் நனைய மாத்துங்கோ, இன்சோலை வெளிய எடுத்துத் தனியக் காயவிடுங்கோ. மணமும் அதோட பாதி போகும்.

சில நேரம் பசையும் இல்லை, பழசும் இல்லை, பாரமும் வேகமும் கூடிக் கிழியும். 2019 மாசியில டியூக் பல்கலைக்கழகத்துக்கு விளையாடின சயன் வில்லியம்சன் மட்ச் தொடங்கி ஒரு நிமிசம் ஆகமுதல் இடக்காலை ஊண்டித் திரும்ப, சப்பாத்தின்ர அடி அப்பிடியே பிஞ்சு பாதம் வெளிய வந்து, வலது முழங்கால் சுளுக்கி வெளிய போனவர். உலகம் முழுக்கப் பாத்தது. புதுசு, விலை கூட, பெரிய பேர் எண்டதெல்லாம் இருந்தும் நடக்கும். பாரமான ஆளெண்டால் மட்ச்சுக்கு முதல் அடியும் மேல்துணியும் சேர்ற விளிம்பை ஒருக்கா விரலால தடவிப் பாருங்கோ.

மேல்பாதம் நோகுது

லேஸ் வெட்டுது. நோகிற இடத்துக்கு நேர வாற ஓட்டையில மட்டும் லேஸைக் குறுக்க விடாமல் பக்கத்தால நேர மேல கொண்டுபோய்க் கட்டுங்கோ.

நடக்கேக்க கீச்சு கீச்செண்டு கத்துது

அடியில இருந்து வந்தால் விடுங்கோ, றப்பர் பிடிக்கேக்க வாற சத்தம், நல்லதுதான். உள்ளுக்க இருந்து வந்தால் இன்சோலைத் தூக்கி, முகத்துக்குப் பூசுற பவுடரில ஒரு சிட்டிகை தூவி, திருப்பி வச்சு அமத்துங்கோ. அம்மாவிட்டக் கேட்டு எடுங்கோ.